மகளின் ப்ராஜெக்ட்டுக்குக் காப்புரிமை கிடைக்குமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார்,

பயோமெடிக்கல் இறுதியாண்டில் உங்கள் மகள் செய்திருக்கும் ப்ராஜெக்ட்டின் அறிக்கையை முழுவதும் படித்தேன். டியூபை வெட்டாமல் வெளியே கவ்வி, உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்டால் அளக்கும் ஃப்ளோ மீட்டர் அது. இதற்குக் காப்புரிமை கிடைக்குமா, வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்சியை நம்பலாமா, கேம்பஸில் வந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இந்தத் துறைக்கே போகிறேன் என்கிறாரே, விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விகளோடு வேறு பெற்றோரும் வருவதால், உங்கள் சம்மதத்தோடு பொதுவிலேயே எழுதுகிறேன். அதற்கு முன் அவசரமான ஒன்று: அடுத்த மாதம் கல்லூரியில் நடக்கும் ப்ராஜெக்ட் கண்காட்சியில் இதை வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

டயாலிசிஸ் செய்யும்போது ரத்தம் பிளாஸ்டிக் டியூப் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் ஓடும். இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ கருவியில் பெரியவர்களுக்கு அது 4, 5 லிட்டர். உயிரி மருந்து ஆலைகளிலும் பல இடங்களில் ஸ்டீல் குழாய் போய், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சிலிகான் டியூப் வந்துவிட்டது. இங்கெல்லாம் டியூபை வெட்டி நடுவே மீட்டரைச் செருகினால் கிருமித் தொற்றுக்கு வழி திறந்துவிடும். அதனால் டியூபின் வெளியே ஒரு கிளிப்பைக் கவ்வவிட்டு, அதன் குறுக்கே சாய்வாக அல்ட்ராசவுண்ட் அனுப்பி அளக்கிறார்கள். ஓட்டத்தோடு போகும் ஒலி சற்று முந்தும், எதிர்த்து வருவது சற்றுப் பிந்தும். அந்த இடைவெளியிலிருந்து வேகம் கிடைக்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலிப் பாதை 10 மில்லிமீட்டர், அந்தத் திசையில் ஓட்டம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால், ஒலி கடக்க ஏறத்தாழ 7 மைக்ரோ விநாடி ஆகும். இரு திசைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசமோ ஒரு நானோ விநாடிகூட இல்லை. டியூப் சூடானால் அதன் சுவரில் ஒலியின் வேகம் மாறும். சுவரின் தடிமன் டியூபுக்கு டியூப் கொஞ்சம் வேறுபடும். கிளிப்பை எவ்வளவு இறுக்கி மூடினோம் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் துவாரத்தின் வடிவமே மாறும். இத்தனைக்கும் நடுவில், தராசில் பீக்கரை வைத்து, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்து, எடையோடு ஒப்பிட்டு ஒரு மாணவி நம்பகமான அளவீடு எடுத்திருக்கிறார். இது சாதாரண வேலை இல்லை சார். காப்புரிமை வந்தாலும் வராவிட்டாலும் இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி காப்புரிமைக்கு வருவோம். "டியூபின் மேல் கவ்வும் அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டர்" என்று விண்ணப்பித்தால் கிடைக்காது. கோர் ட்ராஸ்ட் என்பவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ரத்தக் குழாயின் முழு அகலத்தையும் ஒலிக்கற்றைக்குள் கொண்டுவந்து ஓட்டத்தின் கன அளவை அளக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு 1980-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, எண் 4,227,407. 1983-இல் அவர் இதாகா நகரில் டிரான்சோனிக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள சோனோடெக், சூரிச்சிலுள்ள லெவிட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் டியூபில் கவ்வும் கருவிகளைப் பல காலமாக விற்கின்றன. ட்ராஸ்டின் 1980 காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதனால் அதில் சொல்லியிருப்பதை உங்கள் மகள் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதையே தன் கண்டுபிடிப்பு என்று யாரும் மறுபடி கோர முடியாது. உங்கள் மகளின் போர்டில் இருக்கும் நேரம் அளக்கும் சிப்பும் அப்படித்தான். அந்த வகைச் சிப்பை வைத்து ஃப்ளோ மீட்டர் செய்வது எப்படி என்று தயாரிப்பாளரே குறிப்பு வெளியிட்டிருக்கிறார்.

நம் 1970 காப்புரிமைச் சட்டத்தில் மாணவர் ப்ராஜெக்ட்டுகள் அடிபடும் இடம், எவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லும் மூன்றாம் பிரிவுதான் பெரும்பாலும். தெரிந்த கருவியை வெறுமனே வேறோர் இடத்தில் பயன்படுத்துவது 3(டி)-யில் விழும். தொழிற்சாலைக் குழாயில் இருந்ததை சிலிகான் டியூபில் மாட்டினேன் என்பது மட்டும் போதாது. சென்சாரோடு வைஃபை, மொபைல் ஆப், பஸ்ஸர் என்று சேர்த்துக்கொண்டே போனால் 3(எஃப்). ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்தால் அது வெறும் அடுக்கிவைத்தல். அளவீட்டின் பிழையைத் திருத்தும் கணக்கை மட்டும் கோரினால் 3(கே), அல்காரிதம் என்று தள்ளிவிடுவார்கள்.

இவற்றைத் தாண்டினாலும், அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு உடனே தோன்றக்கூடியதாக அது இருக்கக் கூடாது. பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. பாத்திரங்களை லேத்தில் கடையும்போது பிடித்துவைக்கும் சாதனம் பற்றிய வழக்கு அது. பட்டறையில் வழக்கமாகச் செய்யும் சீர்திருத்தத்துக்கு மேலே ஏதாவது இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தக் காப்புரிமை நிற்கவில்லை.

அப்படியானால் இந்தத் துறையில் புதிதாக எதுவும் மிச்சம் இல்லையா? இருக்கிறது. நிகோலாய் கிரிவிட்ஸ்கி என்ற ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட டயாலிசிஸ் ஆய்வைப் பாருங்கள். டியூபில் கவ்வும் சென்சார் அப்போதே இருந்தது. அவர் ரத்தக் குழாய் இணைப்பில், ரத்தத்தை எடுக்கும் டியூபையும் திருப்பிச் செலுத்தும் டியூபையும் இடம் மாற்றிப் பொருத்தி, திரும்பும் டியூபில் உப்புநீரைச் செலுத்தினார். உப்புநீரில் ஒலி ரத்தத்தைவிட மெதுவாகப் போகும். நீர்த்துப்போன ரத்தம் மறு டியூபில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அதே சென்சார்களால் பார்த்து, நோயாளியின் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடத்தில், ஓடும் ரத்தத்தின் அளவைக் கணக்கிட்டுவிட்டார். பழைய சென்சாரை வைத்தே, அதற்கு முன் யாரும் அந்த வழியில் கேட்காத கேள்விக்கு விடை எடுத்தார். நம் நாட்டில் மனிதருக்கான சிகிச்சை, நோயறியும் செய்முறைகளுக்கு 3(ஐ) தடை உண்டு, ஆகவே இப்படி ஒன்று தோன்றினால் செய்முறையாக எழுதாமல் கருவியாக எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மகளின் அறிக்கையிலும் அப்படி ஓர் இடம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. டியூபை மாற்றியதும் பூஜ்ஜியம் நகர்ந்துவிடும், அதாவது ஓட்டமே இல்லாதபோதும் மீட்டர் ஏதோ ஓர் அளவைக் காட்டும் சிக்கல் இத்துறையில் எல்லாரும் அறிந்தது. அதற்கு அவர் நான்காம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கும் தீர்வை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அதுவே வெளியீடு ஆகிவிடும். கண்காட்சி வேண்டாம் என்றதும் இதனால்தான். நம் சட்டம் தரும் 12 மாதச் சலுகை, மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கும், அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரைகளுக்கும்தான். கல்லூரி ஸ்டாலும் யூடியூப் வீடியோவும் அதில் வராது. ஸ்டாலில் வைத்தே ஆக வேண்டும் என்று கைடு சொன்னால், முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டு எண் வாங்கிவிடட்டும். முழு விவரணம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு.

விண்ணப்பிக்கும் முன், இதே தீர்வு ஏற்கெனவே எங்காவது வந்திருக்கிறதா என்று அவரே தேட வேண்டும். எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற இரண்டு தேடல் தளங்களும் இலவசம். ஜி01எஃப் 1/66, ஏ61எம் 1/36 என்ற காப்புரிமை வகைப்பாடுகளுக்குள் போய்த் தேடட்டும், வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் பாதி தவறிவிடும். கிடைத்தவற்றில் சுருக்கத்தைப் படித்துவிட்டு நகராமல், எதற்கு உரிமை கோருகிறார்கள் என்று கடைசியில் சொல்லும் கிளெய்ம்களை வரி வரியாகப் படிக்க வேண்டும். தன் தீர்வின் ஒவ்வோர் அம்சமும் எந்த ஆவணத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒரு அட்டவணை போடட்டும். எதிலும் இல்லாத கட்டம் ஒன்று மிஞ்சினால், அந்த அம்சத்தோடும் அது இல்லாமலும் பல டியூப்களில், பல வெப்பநிலைகளில் அளந்து காட்ட வேண்டும். வாதாட அந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

ஏஜென்சி விஷயம். "மூன்றே மாதத்தில் பேட்டன்ட் பப்ளிகேஷன், சர்டிஃபிகேட்டோடு" என்பதில் ஏமாற வேண்டாம். விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் தானாகவே வெளியாகும், கட்டணம் கட்டினால் முன்கூட்டியும் வெளியாகும். வெளியானது என்பதற்கும் வழங்கப்பட்டது என்பதற்கும் வெகுதூரம். யாரும் அதுவரை பரிசோதித்திருக்கக்கூட மாட்டார்கள். "டிசைன் பேட்டன்ட்" என்று கிளிப்பின் வெளித் தோற்றத்தைப் பதிந்து கொடுப்பவர்களும் உண்டு. அது அளக்கும் முறையைக் காக்காது. தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் அடிப்படையில் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். பதிவுபெற்ற காப்புரிமை முகவர் எழுதித் தர வாங்கும் கட்டணம் தனி, அது நியாயமான செலவு. மகள் தன் பெயரில் விண்ணப்பித்தால், பெண் விண்ணப்பதாரர் என்ற வகையில் துரிதப் பரிசோதனையும் கேட்கலாம். கல்லூரி பெயரில் போடுவதானால் கையெழுத்துக்கு முன் கண்டுபிடிப்பாளர் பட்டியலைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். யோசனையில் பங்கு இல்லாதவர்களின் பெயர் அதில் ஏற வேண்டிய அவசியம் இல்லை.

சரி, வேலை. எனக்குக் காப்புரிமையைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. மேலே சொன்ன அட்டவணையை உட்கார்ந்து போட அவருக்குப் பிடித்திருந்தால், அதையே தொழிலாகச் செய்யும் பேட்டன்ட் அனலிஸ்ட் வேலைகள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி பகுதிகளில் உள்ளன. தொடக்கச் சம்பளம் சாஃப்ட்வேரை மிஞ்சும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாள் முழுக்கப் படிப்பதும் துல்லியமான ஆங்கிலத்தில் எழுதுவதும்தான் வேலை. 21 வயது முடிந்த பொறியியல் பட்டதாரி காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். இரண்டு தாள்களிலும் தலா 50 சதவீதம், வாய்மொழித் தேர்வோடு சேர்த்து மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். அது ஆண்டு தவறாமல் நடக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், வேலையில் இருந்துகொண்டே காத்திருக்கட்டும். காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் பணி மத்திய அரசின் குரூப் ஏ பதவி, சென்னை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. சட்டமும் படிக்க ஆசை என்றால் ஐஐடி காரக்பூரில் பொறியாளர்கள் சேரக்கூடிய மூன்றாண்டு எல்எல்பி உண்டு. இதெல்லாம் ஒத்துவருமா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள, உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவின் அகாடமி தரும் இலவச அடிப்படைப் பாடத்தை இந்த விடுமுறையிலேயே முடிக்கலாம்.

ஆனால் அறிக்கையைப் படித்தபோது, அவருக்கு மேசையைவிட ஆய்வகம்தான் பிடிக்கும் என்று தோன்றியது. தவறிய அளவீடுகளைப் பற்றி அவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறார். அப்படியானால் கேட் தேர்வு எழுதி, ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்கை முதல் இலக்காக வைக்கலாம். உள்நாட்டிலேயே இதய வால்வைச் செய்து 1990-இல் நோயாளிக்குப் பொருத்திய நிறுவனம் ஸ்ரீ சித்திரா. மருத்துவர் பக்கத்தில் நின்று, டியூப் எந்த நேரத்தில் எப்படி மடங்குகிறது என்று பார்த்துப் பழகினால் அடுத்த யோசனைகள் அங்கிருந்து வரும்.

சாஃப்ட்வேர் ஆஃபரை இப்போதே மறுக்க வேண்டாம். சேரும் தேதிக்குள் தேடல் அட்டவணையை முடித்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். எந்த அம்சம் எதிலும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, முகவரிடம் போவதா வேண்டாமா என்று சேர்ந்து முடிவு செய்யலாம். கண்காட்சிக்கு, நான்காம் அத்தியாயத்தைத் தொடாத பழைய மாதிரி ஒன்று கையில் இருந்தால் அதை வைக்கட்டும்.