ஐயாவிடம் கேளுங்கள்: ஆயர் மறைக்கிற மாத்திரை

கேள்வி: ஐயாவுக்குத் தோத்திரம். என் கணவர் பென்னாகரம் பக்கத்தில் ஆயராக இருக்கிறார். வயது 43. மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. சபையில் யாருக்கும் தெரியாது, சொல்லவும் விடமாட்டார். ஞாயிறு மூன்று ஊரில் ஆராதனை, புதனும் வெள்ளியும் உபவாசம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம். திங்கட்கிழமை ஓய்வு என்று பெயர்தான், அன்றைக்குத்தான் எல்லாரும் வீடு தேடி வருகிறார்கள். ராத்திரி 11 மணிக்கும் போன். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பல நாளாயிற்று. ஏதாவது சொன்னால், "ஊழியத்துக்குத் தடையா இருக்காதே" என்கிறார். போன வாரம், "கர்த்தர் என்னை எடுத்துக்கிட்டா நிம்மதி" என்றார். நான் என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்கு முதலில் வருகிறேன். அதை பக்தியில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றாலும் சரி, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. வேதத்தில் எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொன்னார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவும் விட்டார்.

அடுத்தது சர்க்கரை. இதில் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கும் நாற்பதை ஒட்டித்தான் சர்க்கரை வந்தது. சுகமளிக்கும் தேவனைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு, பின்னால் போய் மாத்திரை விழுங்குகிறாரே என்று ஜனங்கள் நினைப்பார்களோ என்று கூசினேன். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்தெடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மும்மணி ஆராதனைக்கு நின்றேன். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்". அதைப் பேசும்போதே கை நடுங்கியது, அங்கி முழுக்க வியர்வை, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஐயா மனம் உருகி அழுகிறார் என்று சபையும் சேர்ந்து அழுதது. அப்படியே சரிந்துவிட்டேன். முன் பெஞ்சிலிருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, திருமண்டபத்துச் சமையலறையிலிருந்து சர்க்கரையைக் கொண்டுவரச் சொல்லிக் கரைத்துக் கொடுத்தார். அவர் அன்று வராமல் இருந்திருந்தால்? எனக்குச் சர்க்கரை இருப்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாதே.

சர்க்கரை மாத்திரைகளில் சில, நாம் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடு அந்த வகை. நான் போட்டதும் அதுதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. அதனால் அவர் எந்த மாத்திரை எடுக்கிறார் என்று இன்றே பாருங்கள். தானாக நிறுத்தவும் கூடாது. "எனக்கு வாரத்தில் இந்த இரண்டு நாள் உபவாசம்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, உபவாசத்தையே வேறு விதமாக வைத்துக்கொள்வதா என்று அவர் சொல்வார். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். கூட வரும் உபதேசியாருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

ஏறுகிற பக்கமும் இருக்கிறது. வீடு சந்திப்பில் ஒரு நாள் ஒன்பது வீடு போனால் ஒன்பது டீ, பதினெட்டு ஸ்பூன் சர்க்கரை. மறுத்தால் மனம் நோகும் என்று குடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு "மோர் இருக்காம்மா?" என்று நானே கேட்க ஆரம்பித்தேன், யாரும் வருத்தப்படவில்லை. இன்னொன்று, களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கேழ்வரகும் மாவுச்சத்துதான். ஒரு சிறிய உருண்டையும் நிறையக் கீரைக் கடைசலும் என்றால் சரி, இரண்டு உருண்டை வேண்டாம்.

மாத்திரை வாங்க நேரமில்லை என்பாரானால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தன்னார்வலர் வாசலில் வந்து நிற்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்று தம்பி யோசிக்கலாம். பார்க்கட்டும் அம்மா. தெரிந்தவர்கள் இருந்தால்தான் விழும்போது தாங்குவார்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், வேலைப் பளுவைவிட அவருடைய தனிமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊர் முழுக்க ஜனம், ஆனால் ஆயராக இல்லாமல் உட்கார்ந்திருக்க அவருக்கு ஒரு திண்ணைகூட இல்லை. எனக்கு அது கிடைத்தது ஒரு கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடம். தருமபுரியில் இருந்த நாளில் திங்கட்கிழமை காலையில் ராமாக்காள் ஏரிக்கரையில் சேர்ந்து நடப்போம். முதல் அரைமணி சபைப் பேச்சு பேசுவதில்லை என்று ஒப்பந்தம். மழை, அவருடைய அம்மாவின் கண் ஆபரேஷன், என் மகளின் கணக்கு மார்க், இவ்வளவுதான். அவர்தான் ஒருநாள் சொன்னார்: அவர்கள் திருச்சபைச் சட்டத்தில் பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறை எழுதியே வைத்திருக்கிறார்களாம், ஆண்டுத் தியான நாட்கள் அந்தக் கணக்கில் சேராதாம். விடுப்பு கேட்பதே துரோகம் என்று நினைத்திருந்த எனக்கு அன்று நெஞ்சு லேசானது.

நீங்கள் சொன்னால் அவர் கேட்பதில்லை. சரி, வேறு ஆள் சொல்லட்டும். மாமனார் எத்திரோ மோசேயைப் பார்க்க வந்தபோது, வேலையைப் பங்கிட்டுக் கொடு என்ற ஆலோசனையை அடுத்த நாள்தான் சொன்னார். அதற்கு முன்பே, பிரிந்திருந்த மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். உங்கள் அப்பாவோ, செமினரியில் அவரோடு படித்தவரோ, அவர் மதிக்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள். இரண்டு நாள் தங்கட்டும். இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஆயர் திங்கட்கிழமை முழு ஓய்வும், இரவு 9 மணிக்கு மேல் போன் இல்லாமலும் இருக்க அனுமதி கேட்கிறார். "ஊழியக்காரனுக்கு ஏது லீவு?" என்கிறார்கள் சில மூப்பர்கள். - சபைச் செயலர், காவேரிப்பட்டணம்

பதில்: கொடுத்துவிடுங்கள். நமக்கெல்லாம் ஞாயிறு ஓய்வு, அன்றைக்குத்தான் அவருக்கு அதிக வேலை. வருகிறவர்களும் போகிறவர்களுமாகச் சாப்பிடக்கூட நேரமில்லாதபோது, தனியே வந்து சற்று இளைப்பாறுங்கள் என்று சீஷர்களைக் கூப்பிட்டவர் ஆண்டவர்தான் என்பதை அந்த மூப்பர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சாவு, விபத்து என்றால் யாரும் முதலில் உங்களுக்குப் போன் செய்யட்டும். அவசரம் என்று பட்டால் நீங்கள் மட்டும் போய் ஆயர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டை விடியும்வரை இழுக்காமல் 11 மணிக்குள் முடியுங்கள். அப்புறம், வரவு செலவுத் திட்டத்தில் ஆயருக்கும் அவர் மனைவிக்கும் வருடம் ஒருமுறை முழு உடல் பரிசோதனைக்கு ஒரு தொகை எழுதுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.