புது ஃப்ளாட்டின் சாவி வாங்கும் முன்: கேள்வி பதில்

சிவில் படித்தவன். கட்டி முடித்த வீடுகளை வாங்குபவர் சார்பில் சோதித்துக் கொடுப்பது இப்போதைய வேலை. பூச்சு, டைல்ஸ், ஒழுகல், வயரிங் பற்றிக் கேளுங்கள். விலை நியாயமா, ஏரியா வளருமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

மேடவாக்கத்திலிருந்து: சார், அடுத்த வாரம் ஹேண்ட்ஓவர். நாங்களே பார்ப்பதென்றால் எங்கே ஆரம்பிப்பது?

பாத்ரூமில். எல்லாரும் ஹால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள். பெயின்ட் கெட்டுப்போனால் செலவு சில ஆயிரம். நீர்த்தடுப்பு கெட்டுப்போனால் டைல்ஸை உடைக்க வேண்டும், கீழ் வீட்டுக்காரருடன் சண்டையும் போட வேண்டும்.

தரை ஜாலியைத் துணி வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் கீழ் வீட்டு பாத்ரூமின் சீலிங்கையும், பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். அப்புறம் துணியை எடுங்கள். எல்லாத் தண்ணீரும் ஜாலிக்குப் போக வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருந்தால் போகும். கதவோரம் தேங்கினால் வாட்டம் தப்பு. அதை டைல்ஸ் பெயர்க்காமல் சரிசெய்ய முடியாது. பால்கனிக்கும் இதே சோதனைதான். ஐப்பசி மழையில் பால்கனித் தண்ணீர் ஹாலுக்குள் வந்த வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சமையலறை சிங்க்கை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அடியில் குழாய் மூட்டுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுவரை ராத்திரியில் பாருங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். பயந்துவிடாதீர்கள், எந்தச் சுவரும் அந்த வெளிச்சத்தில் அழகாக இருக்காது. பகலில், நாலடி தள்ளி நின்றும் தெரிகிற குறைகளை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

ஒன்று மட்டும்: ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற கடிதத்தில் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: டைல்ஸைத் தட்டினால் சில இடங்களில் பொள்ளலாகச் சத்தம் வருகிறது. மாற்றச் சொல்லலாமா?

சாக்பீஸால் குறியுங்கள். மூலையிலோ ஓரத்திலோ பொள்ளல் என்றால் மாற்றச் சொல்லுங்கள். கனமான பாத்திரம் விழுந்தால் அங்கேதான் உடையும். நடுவில் கையகல இடம் என்றால் விட்டுவிடலாம். கலவையை முழுக்கப் பரப்பாமல் ஐந்தாறு உருண்டை வைத்து அமுக்கினால் இப்படித்தான் ஆகும். அதே பேட்ச்சில் ஒரு பெட்டி டைல்ஸ் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த பேட்ச்சில் நிறம் சேராது.

மதுரையிலிருந்து: தென்மேற்கில் பாத்ரூம் வந்திருக்கிறது. குறையாகக் காட்டலாமா?

ஒழுகினால் காட்டலாம்.

கோவையிலிருந்து: ஏஏசி பிளாக் (நுரைபோன்ற லேசான சிமென்ட் கல்) சுவர். பீமும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விரிசல். கட்டடத்துக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. கான்கிரீட்டும் பிளாக்கும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை, அதனால் சேருமிடத்தில் விடுகிறது. அந்த இணைப்பில் கோழிவலை அடித்துப் பூசியிருந்தால் இவ்வளவு தெரியாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய் அகலமாகிக்கொண்டே வரும் விரிசலோ, தூணில் கம்பி போகும் வழியில் துருக்கறையோடு வரும் விரிசலோ வேறு ரகம். அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

ஒரு சைட் இன்ஜினியர்: சார், நான் பில்டர் பக்கம். நீங்கள் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மயிரிழைக் கீறலுக்கெல்லாம் நூறு வரி பட்டியல் வருகிறது. விரிசல் இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

பாதி ஒப்புக்கொள்கிறேன். சிமென்ட் பூச்சு காயும்போது சுருங்கும். நகம் மாட்டாத கீறல் குறையே இல்லை, அதற்காகச் சாவி வாங்காமல் நிற்பது வீண். ஆனால் இணைப்பு விரிசல் அந்தக் கணக்கில் வராது. கோழிவலை டிராயிங்கில் இருக்கும், சுவரில் இருக்காது. சுவரைப் பீம் வரை ஒரே மூச்சில் ஏற்றி அன்றைக்கே அடைத்துவிடுவார்கள்.

அதே இன்ஜினியர்: வாங்குபவர்தான் சீக்கிரம் சாவி கேட்கிறார். கியூரிங்குக்கு நேரம் ஏது?

பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் அடிக்க நேரமில்லை என்றால், அது உங்களுக்கும் உங்கள் எம்டிக்கும் உள்ள பஞ்சாயத்து. முப்பது வருடக் கடன் வாங்கியவர் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

அதே இன்ஜினியர்: பட்டி பார்த்துத்தானே சார் கொடுக்கிறோம்!

அதுதான் பிரச்சினையே. வெறும் பட்டி அடுத்த கோடையில் அதே கோட்டில் விடும். விரிசலை வி வடிவில் வெட்டி, பாலிமர் ஃபில்லர் அடைத்து, மேலே ஃபைபர் டேப் ஒட்டி, அதன்மேல் பட்டி பாருங்கள். கோவை நண்பரே, அதற்கு முன் விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நீண்டால் தெரிந்துவிடும்.

ஆவடியிலிருந்து: டைல்ஸில் சத்தம்...

மேலே தாம்பரத்துக்குச் சொன்னதுதான்.

போரூரிலிருந்து: வயரிங்கில் என்ன பார்ப்பது, அண்ணா?

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்சிசிபியில் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்துங்கள்; உடனே மின்சாரம் நிற்க வேண்டும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகமா என்று பாருங்கள். பட்டன் வேலை செய்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர் ஒன்றை வாங்கி எல்லா பிளக்கிலும் செருகுங்கள், கீஸர் பாயின்ட்டை விடாமல்.

பெருங்குடியிலிருந்து: குடிவந்து இரண்டு வருடம். பாத்ரூம் ஈரம் படுக்கையறைச் சுவரில் உப்புப் பூக்கிறது. வாரண்டி ஒரு வருடம்தான் என்கிறார் பில்டர்.

2016ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம், பிரிவு 14(3): வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை என்று தெரிவித்தால், கூடுதல் பணம் வாங்காமல் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். போனில் பேசாமல் மின்னஞ்சலில் படத்தோடு எழுதுங்கள். அசையாவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, எட்டு வீட்டுக்கு மேல் இல்லாவிட்டாலோ அந்தத் திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. உங்களுடையது அப்படிப் பதிவாகாத கட்டடம் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் போடலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதுவரை அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே அடிக்கும் பெயின்ட் உரிந்துதான் வரும்.

குரோம்பேட்டையிலிருந்து: டைல்ஸ் தட்டினால்...

சாக்பீஸ். மூலை. தாம்பரம்.

பல்லாவரத்திலிருந்து: தையில் கிரகப்பிரவேசம் குறித்தாயிற்று. கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்கிறார்கள். குறைகளை அப்புறம் சரிசெய்வார்களாம்.

சாவியை வாங்குங்கள், அந்த வாசகத்தை வாங்காதீர்கள். ‘இணைப்பிலுள்ள குறைகளுக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கையால் எழுதி, பட்டியலை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் ஆளிடம் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். நிறைவுச் சான்றிதழின் நகலையும் அன்றைக்கே கேளுங்கள். பாத்ரூமில் தண்ணீர் கட்டுவதை விருந்தாளிகள் வருவதற்கு முந்தின வாரமே முடித்துவிடுங்கள்.