இரும்புக்கை மாயாவி சித்திரக்கதையின் பழைய இதழ்களை இன்றும் பலர் தேடி அலைவது ஏன்?

கதையைவிட ஓவியமே முதற்காரணம் என்பேன். 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய இத்தொடர், 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தது. விபத்தில் வலக்கையை இழந்த ஆய்வக உதவியாளர் ஒருவர், மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்து, பொருத்தப்பட்ட இரும்புக்கை மட்டும் வெளியே தெரிய நடமாடுவார். ஆளின்றிக் காற்றில் மிதந்துவரும் அந்த ஒற்றைக் கையை, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அடர்ந்த கரிய நிழல்களுக்கிடையே வரைந்த விதத்தில், வண்ணம் இல்லாததே பலமாயிற்று. தொடக்கத்தில் மாயாவி நல்லவரும் அல்லர். குற்றவாளியாக இருந்து, பின்னரே உளவாளியானவர். (சிறுவயதில் எனக்குப் பிடித்தது அந்தக் கெட்டவரைத்தான்.) என்னிடமுள்ள பிரதியின் தாள் மடித்தால் ஒடிகிறது, மை மட்டும் இன்னும் மங்கவில்லை.