சல்லி வேண்டாம் என்றவர்களுக்கு

கேள்வி: 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் மேல் மண் சரிந்தது. உடுத்த துணியோடு ஓடிய எங்களைக் கீழேயுள்ள சிங்களக் கிராமத்தார் பன்சலையில், அவர்களின் பௌத்த விகாரையில், தங்கவைத்து 9 நாள் சோறு போட்டார்கள். சம்பளம் வந்ததும் காசு சேர்த்துக் கொண்டுபோனோம். "சல்லி எப்பா", காசு வேண்டாம், என்று தள்ளிவிட்டார்கள். முகமும் வாடிப்போனது. என்ன பிழை விட்டோம், ஐயா?
- ஒரு வாசகி, ஹப்புத்தளை

பதில்: அவர்கள் போட்ட சோறு, சிங்களத்தில் சொன்னால், 'பின்', மகள். நாம் புண்ணியம் என்போமே, அது. நீங்கள் அதற்குக் கடைக்காரனுக்குப் போல காசு நீட்டியிருக்கிறீர்கள். வாடாமல் என்ன செய்யும்?

ஆனாலும் உங்கள் தவிப்பு எனக்கு விளங்குகிறது. வாங்கிக்கொண்டே இருந்தால் ஆள் கூனிப்போவான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. சில நாள் கழித்து, நான் படிப்பித்த பாடசாலையில் சேர்த்த சீனி, பால்மா, சவர்க்காரத்தோடு முகாமுக்குப் போனோம். அங்கே ஓர் அக்கா எங்கள் சீனிப் பையையே பிரித்து, யாரிடமோ கோப்பை இரவல் வாங்கி, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கூட வந்த இளம் ஆசிரியர், "வேண்டாம் அக்கா, உங்களுக்கு இருக்கட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நான் இரண்டு கோப்பை குடித்தேன். எனக்கு அப்போதே நீரிழிவு. வீட்டில் ஏச்சு வாங்கியது தனிக்கதை.

அவர்கள் வயலைப் போய்ப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கிய மண்ணும் கல்லும் வாய்க்காலை அடைத்திருந்தால், பன்சலை ஹாமுதுருவிடம், அதாவது பிக்குவிடம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்குங்கள். சிரமதானம் என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். அவர்களும் சோறு தருவார்கள், மறுக்காதீர்கள்.

இன்னொன்றும் உங்களால் முடியும். நீங்கள் மேலே, அவர்கள் கீழே. நிலம் வெடிப்பதும், மரம் சாய்வதும், ஊற்று திடீரெனக் கலங்குவதும் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். நாலைந்து வீட்டுத் தொலைபேசி இலக்கங்களை வாங்கி வையுங்கள். கண்டால் நடுச்சாமமானாலும் எடுத்துச் சொல்லிவிட்டு நீங்களும் ஓடுங்கள். அதிகாரி வரட்டும் என்று நிற்க வேண்டாம்.

சேர்த்த காசை, அதைப் போட்ட உங்கள் லயத்தாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளின் கொப்பிகளும் மண்ணுக்குள்தானே போயின.