கேள்வி–பதில்: முப்பத்தெட்டுப் படிகளும் ஓர் எக்ஸெல் தாளும்

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் கிளவுடில் ஆறு சர்வர்களில் ஓடுகிறது. மாதத்துக்கு இரண்டு முறை, வெள்ளிக்கிழமை இரவில் இருவர் உட்கார்ந்து, எக்ஸெல் தாளில் எழுதிவைத்துள்ள 38 படிகளைப் பார்த்துப் பார்த்துப் புதிய பதிப்பை ஏற்றுகிறோம். மூன்று மணி நேரம் ஆகிறது. இதைத் தானியக்கமாக்க அனுமதி கேட்டால், "மாதத்துக்கு இரண்டு முறைதானே, அதற்கு இவ்வளவு செலவா?" என்கிறார் மேலாளர். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நேரக் கணக்கை மட்டும் வைத்து வாதாடினால் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். இருவர், மூன்று மணி நேரம், மாதம் இரு முறை என்றால் மொத்தம் 12 மணி நேர உழைப்புதான். ஒரு பைப்லைனை, அதாவது இந்தப் படிகளை வரிசையாகத் தானே செய்யும் அமைப்பை, கட்டி முடிக்க அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே மிச்சமாகும் நேரத்தைப் பற்றிப் பேசாமல், விடுபடக்கூடிய படியைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் 38 படிகளில் இருபது படிகள் மட்டுமே சர்வருக்குச் சர்வர் திரும்பச் செய்பவை என்று வைத்துக்கொண்டாலும், ஒரே இரவில் 120 முறை கை தவற வாய்ப்பு இருக்கிறது.

ஒரு சர்வர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஒரு சான்று உண்டு. நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனம், 2012 ஜூலை இறுதியில் தன் ஆர்டர் அனுப்பும் மென்பொருளின் புதிய பதிப்பை எட்டு சர்வர்களில் ஏற்றத் தொடங்கியது. வேலையைச் செய்தவர் ஏழு சர்வர்களில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வ நடைமுறையும் அங்கு இல்லை. எட்டாவது சர்வரிலோ, 2003-ஆம் ஆண்டோடு பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பில் ஒரு வசதியை இயக்குவதற்கு எந்த அடையாளக்குறியைப் பயன்படுத்தினார்களோ, அதே குறிதான் அந்தப் பழைய நிரலையும் எழுப்பும். ஆகஸ்ட் 1 காலையில் சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, நிறுத்தத் தெரியாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

இதில் உங்கள் மேலாளர் அவசியம் கேட்க வேண்டிய பகுதி அடுத்து வருவதுதான். கோளாறு எங்கே என்று தெரியாத பதற்றத்தில், சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய பதிப்பை அவர்கள் நீக்கினார்கள். அதனால் அந்த ஏழிலும் பழைய பதிப்பு திரும்பி, அதிலிருந்த பழைய நிரலும் விழித்துக்கொண்டது. எந்த சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லக்கூடிய கருவி கையில் இருந்திருந்தால், அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள். இப்போது உங்கள் ஆறு சர்வர்களிலும் ஓடுவது ஒரே பதிப்புதானா என்று மேலாளர் கேட்டால், எத்தனை நிமிடத்தில் உங்களால் பதில் சொல்ல முடியும்? அந்தக் கேள்வியிலிருந்து உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்களிடமும் இப்படி ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. எந்தப் படியை முதலில் தானியக்கமாக்குவது?
– வாசகி, சேலம்

பதில்: முதலில் எதையும் தானியக்கமாக்காதீர்கள். அடுத்த வெளியீட்டின்போது, வேலை செய்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, அவர் கை உண்மையில் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதட்டும். தாளில் எழுதப்பட்டிருப்பது ஒன்றாகவும் கை செய்வது வேறாகவும் இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், பட்டியலின் 14-ஆவது வரி "கான்ஃபிக் ஃபைலைச் சரிபார்க்கவும்" என்று சொன்னது. மென்பொருளின் அமைப்பு விவரங்கள் இருக்கும் அந்த ஃபைலில் எதைச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டேன். "டேட்டாபேஸ் முகவரி சில சமயம் டெஸ்ட் சர்வரைக் காட்டும், அதை மாற்றிவிடுவேன்" என்றார் அந்த வேலையைச் செய்துவந்த நண்பர். ஏன் அப்படிக் காட்டுகிறது என்று தோண்டிப் பார்த்தபோது, வெளியீட்டுக்கான பொட்டலத்தை ஒரு டெவலப்பர் தன் மடிக்கணினியில் வைத்துக் கட்டுகிறார் என்பதும், அவருடைய சொந்த கான்ஃபிக் ஃபைலும் அதற்குள் சேர்ந்து வந்துவிடுகிறது என்பதும் தெரிந்தன. அந்தச் சரிபார்ப்புக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், தேவையில்லாத வேலையைத்தான் வேகமாகச் செய்திருப்போம். பொட்டலம் கட்டும் வேலையைப் பொதுவான பில்டு சர்வருக்கு மாற்றி, முகவரியைப் பொட்டலத்துக்கு வெளியே சூழல் மாறியாக (அந்தந்த சர்வரில் தனியாக வைக்கும் அமைப்பு மதிப்பாக) வைத்தோம். 14-ஆவது வரி தானாகவே மறைந்தது. அதை நம்பியிருந்த 15, 16-உம் கூடவே போயின.

ஆகவே வரிசை இதுதான்: நீக்கக்கூடிய படிகளை முதலில் நீக்குங்கள், மிஞ்சியவற்றில், பொட்டலம் கட்டுவதை முதலில் தானியக்கமாக்குங்கள். ஒரு முறை கட்டிய கன்டெய்னர் இமேஜே (மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாக அடைத்த பொட்டலம்) டெஸ்ட், ஸ்டேஜிங் (இறுதி ஒத்திகை), புரொடக்‌ஷன் (பயனர்கள் பயன்படுத்தும் இடம்) என்று எல்லா இடத்துக்கும் போக வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாகக் கட்டினால், சோதித்தது ஒன்று, ஏற்றியது வேறொன்று ஆகிவிடும். அந்த இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று பெயர் வைக்காதீர்கள். நள்ளிரவில் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வேண்டிய நிலை வரும்போது, 'லேட்டஸ்ட்' என்பது நீங்கள் தப்பிக்க நினைக்கும் அதே பதிப்பாகத்தான் இருக்கும். கிட் கமிட்டின் எண்ணையே (நிரலில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் என்ற கருவி தரும் அடையாளத்தையே) பெயராக வையுங்கள்; மேலே கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன "எந்த சர்வரில் எது ஓடுகிறது" என்ற கேள்விக்கும் அதுவே விடை தரும்.

கேள்வி: பைப்லைனை எந்தக் கருவியில் கட்டுவது? ஜென்கின்ஸா, கிட்லேப் சிஐயா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா?
– வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் நிரல் ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அங்கே கிடைப்பதைப் பயன்படுத்துங்கள். 2011-இல் ஹட்சன் என்ற பெயரிலிருந்து மாறிய ஜென்கின்ஸ் இன்றும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதன் பிளகின் என்னும் துணை நிரல்களைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடக்கூடும் என்பதை மறக்காதீர்கள். எதைத் தேர்ந்தாலும், வேலையின் படிகளைக் கருவியின் வலைப்பக்கப் பெட்டிகளுக்குள் தட்டச்சு செய்யாமல், நிரலோடு சேர்ந்து இருக்கும் ஸ்கிரிப்டுகளில் எழுதுங்கள். நாளை கருவியை மாற்ற நேர்ந்தால் அது மட்டும்தான் உங்களோடு வரும்.

கேள்வி: எங்கள் சர்வர்கள் அனைத்தையும் டெராஃபார்மில் (சர்வர்களின் அமைப்பை நிரலாக எழுதிவைத்து, அதன்படியே உருவாக்கும் கருவி) எழுதிவிட்டோம். ஆனால் அவசரத்தில் யாராவது கிளவுடின் நிர்வாக வலைப்பக்கமான கன்சோலில் போய்க் கையால் மாற்றிவிடுகிறார்கள். அடுத்த முறை டெராஃபார்ம் ஓடும்போது அந்த மாற்றம் அழிந்து, பிரச்சினை திரும்ப வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: டெராஃபார்ம் மேல் குற்றமில்லை, எழுதியதை எழுதியபடி வைத்திருப்பதுதான் அதன் வேலை. அவசர மாற்றத்தை யாரும் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டும் பயனில்லை, ஏனென்றால் நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்த உத்தரவு யாருக்கும் நினைவுக்கு வராது. தினமும் காலையில் டெராஃபார்ம் பிளானை (எதையும் மாற்றாமல் வேறுபாட்டை மட்டும் காட்டும் கட்டளை) மட்டும் 'டீடெய்ல்ட் எக்ஸிட்கோட்' என்ற விருப்பத்தோடு தானாக ஓடவிடுங்கள். எழுதியதற்கும் இருப்பதற்கும் வேறுபாடு இருந்தால் அது 2 என்ற எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண் வந்த நாளில் குழுவின் சாட்டில் ஒரு செய்தி விழட்டும். இரவில் கையால் செய்த மாற்றம், செய்தவருக்கு நினைவு இருக்கும்போதே, அடுத்த நாளே நிரலுக்குள் எழுதப்பட்டுவிடும். அதோடு, கன்சோலில் எல்லாருக்கும் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டு, மாற்றும் உரிமையை அவசரத்துக்கான தனிக் கணக்கு ஒன்றில் வையுங்கள்.

கேள்வி: தானியக்கமாக்கினால் ஒரு தவறு ஒரே நொடியில் எல்லா சர்வர்களுக்கும் போய்விடாதா? கையால் செய்யும்போது பாதியிலாவது நிறுத்த முடிகிறதே!
– வாசகி, மதுரை

பதில்: நியாயமான அச்சம்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான கோப்பு ஒன்று தானாகவே உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அதைத் திரும்பப் பெற அந்நிறுவனத்துக்கு 78 நிமிடங்கள்தான் ஆயின. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கிவிட்டன. அந்த வகைக் கோப்புகளைப் படிப்படியாக வெளியிடும் முறை அப்போது அவர்களிடம் இல்லை. வண்டியில் வேகம் இருந்தது, பிரேக் இல்லை.

அந்தப் பிரேக்கையும் பைப்லைனிலேயே எழுத முடியும். புதிய பதிப்பை முதலில் நூற்றில் ஐந்து பயனர்களுக்கு மட்டும் காட்டி, பத்து நிமிடம் பொறுத்து, பிழை விகிதமும் பதில் வரும் நேரமும் பழைய பதிப்பைவிட மோசமாகவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும்படியும், மோசமானால் யாரையும் கேட்காமல் பழைய பதிப்புக்குத் திரும்பும்படியும் அமைக்கலாம். இதைக் கனரி வெளியீடு என்பார்கள். சுரங்கத்தில் நச்சுக்காற்றை அறியக் கொண்டுபோன சிறு பறவையின் பெயர் அது.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நிரல் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும், டேட்டாபேஸ் திரும்பாது. ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டு நிரலை மட்டும் பின்னுக்கு இழுத்தால், பழைய நிரல் தன் நெடுவரிசையைத் தேடித் தடுமாறும். ஆகவே பெயர் மாற்றத்தை ஒரே வெளியீட்டில் செய்யாமல், முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து, சில காலம் இரண்டிலும் எழுதி, பழைய விவரங்களையும் புதியதற்குப் படியெடுத்து, யாரும் பழையதைத் தொடவில்லை என்று உறுதியான பிறகு, பின்னொரு வெளியீட்டில் அதை நீக்குங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் திரும்பி வர வழி இருக்கும்.

கேள்வி: எல்லாம் தானியக்கமான பிறகும், புரொடக்‌ஷனுக்குப் போகும் முன் மேலாளரின் ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். அது தேவையா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒரு மனிதர் ஒரு பொத்தானை அழுத்துவதில் தவறில்லை, பணம் புழங்கும் மென்பொருளில் அது நல்லதும்கூட. ஆனால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் "ஓகே" என்று அனுப்பப்படும் ஒப்புதல், தாமதத்தைத் தவிர வேறெதையும் சேர்ப்பதில்லை. அந்தப் பொத்தானுக்கு மேலேயே, சென்ற வெளியீட்டுக்குப் பிறகு மாறியவை எவை, சோதனைகளில் தோற்றது எது, டேட்டாபேஸ் மாற்றம் உண்டா, திரும்ப வேண்டுமானால் எந்த எண்ணுள்ள இமேஜுக்குத் திரும்புவது என்ற நான்கு விவரங்களையும் பைப்லைன் தானே காட்டட்டும். அவற்றைப் படித்த பிறகும் மேலாளர் எப்போதும் "சரி" என்று மட்டுமே சொல்லிவருகிறார் என்றால், ஆறு மாதம் கழித்து, டேட்டாபேஸ் மாற்றம் இல்லாத வெளியீடுகளுக்கு மட்டும் அந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.