கேள்வி பதில்: நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கேப்டன் ஆவது

கே: பிரிட்டிஷ் கடற்படையில் நீர்மூழ்கிக் கேப்டன் பயிற்சியில் தோற்றால் இன்னொரு வாய்ப்பே கிடையாதாமே? (கோவை வாசகர்)

ப: ஆமாம். 1917-இல் தொடங்கிய இந்தப் பயிற்சியைக் கடற்படையினர் 'பெரிஷர்' என்பார்கள். இப்போது சுமார் 24 வாரம். முதலில் கரையில் சிமுலேட்டர், அப்புறம் கடலில் நிஜக் கப்பல். நடத்துபவருக்குப் பெயரே 'டீச்சர்'தான். அவரும் நீர்மூழ்கிக்குத் தலைமை தாங்கியவர். இவர் தேறமாட்டார் என்று டீச்சர் முடிவுகட்டிவிட்டால், படகை வரவழைத்துக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டியை வேறொருவர் கட்டி வைத்திருப்பார். கையில் ஒரு விஸ்கி பாட்டில் கொடுத்து வழியனுப்புவது மரபு. கடற்படையில் வேறு வேலை உண்டு, ஆனால் நீர்மூழ்கியில் கடலுக்குப் போவது அன்றோடு சரி. கொடுமைதான். ஆனாலும் ஒரு கப்பல் நிறைய ஆட்களை ஒப்படைக்கும் வேலைக்கு இது அதிகப்படி என்று தோன்றவில்லை.

கே: அப்படி என்னதான் சோதிக்கிறார்கள்? (மதுரை வாசகர்)

ப: வீரத்தை அல்ல, மனக்கணக்கை. பெரிஸ்கோப் ஆழத்தில், அதாவது எட்டிப் பார்க்கும் குழாயை மட்டும் நீருக்கு மேல் நீட்டும் ஆழத்தில், இருக்கும் நீர்மூழ்கியை நோக்கிப் போர்க்கப்பல்கள் முழு வேகத்தில் பாய்ந்து வரும். 30 நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு 926 மீட்டர். 5,500 மீட்டரில் தெரியும் கப்பல் தலைக்கு மேல் வர ஆறு நிமிடம்கூட ஆகாது. கீழே இறங்க ஒரு நிமிடம், பாதுகாப்புக்கு இன்னொரு நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்: நான்கு நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் இறங்கிவிட வேண்டும். விலகிப் போகிற கப்பலையும் சும்மா விட முடியாது; எந்த நொடியும் திரும்பும் என்று வைத்தே கணக்கு. மூன்று நான்கு கப்பல்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு ஓடும். பெரிஸ்கோப்பைச் சில நொடிக்கு மேல் வெளியே வைத்தால் அகப்பட்டுக்கொள்வோம்.

தூரத்தை அளப்பதில்தான் வில்லங்கம். எதிர்க்கப்பலின் மாஸ்ட் (மேல்தளக் கம்பம்) உயரமும் அது பெரிஸ்கோப்பில் காட்டும் கோணமும் தெரிந்தால் தூரம் கிடைத்துவிடும். 24 மீட்டர் மாஸ்ட்டை 30 என்று நினைத்துவிட்டால்? 3,000 மீட்டர் என்று கணக்கில் வந்த கப்பல் உண்மையில் 2,400-இல் இருக்கும். 39 நொடி கையை விட்டுப் போச்சு. இன்றைய பிரிட்டிஷ் அஸ்டியூட் வகை நீர்மூழ்கிகளில் கண்ணை வைத்துப் பார்க்கும் பெரிஸ்கோப்பே கிடையாது. கேமரா மாஸ்ட் மேலே எழும்பி, சுற்றிலும் படம்பிடித்துவிட்டு இறங்கிவிடும். நிமிடக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

கே: நெருக்கடியில் தலைமையகத்தைக் கேட்டுக்கொள்ளக் கூடாதா? (திருநெல்வேலி வாசகர்)

ப: உங்கள் ஊர்ப்பக்கம் விஜயநாராயணத்தில், 1990 முதல் இயங்கும் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் ரேடியோ நிலையத்தின் உயரமான கோபுரங்கள் நீர்மூழ்கிகளோடு பேசத்தான். ஆனால் அது ஒருவழிப் பேச்சு. மிகத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோகூடக் கடல்நீருக்குள் சில பத்து மீட்டர்தான் இறங்கும். பதில் அனுப்ப ஆன்டெனாவை நீருக்கு மேல் நீட்ட வேண்டும். நீட்டிப் பேசினால் எதிரி இடத்தை மோப்பம் பிடித்துவிடுவான்.

கே: பயிற்சியின்போதே விபத்து நடந்ததுண்டா? (தஞ்சை வாசகர்)

ப: உண்டு. 2002 நவம்பரில் 'டிரஃபால்கர்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கருகே நீருக்கடியில் தரைதட்டியது. மாணவர்களின் கிறுக்கல் படாமலிருக்க வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் விரித்திருந்தார்கள். அதற்கடியில் முக்கியத் தகவல் மறைந்துவிட்டது. 2016 ஜூலையில் ஜிப்ரால்டர் அருகே 'ஆம்புஷ்' என்ற இன்னொரு நீர்மூழ்கி ஒரு டேங்கர் கப்பலில் மோதியது. கவனமெல்லாம் ஒரு பாய்மரப் படகின் மேல் இருக்க, டேங்கரைத் தவறவிட்டார்கள். பொறுப்பிலிருந்த கமாண்டருக்கு ராணுவ நீதிமன்றத்தில் ஓராண்டு சீனியாரிட்டி பறிபோனது.