டாக்ஸி பிடித்துப் போயிருக்கலாமே!

கேள்வி: 'அன்ஃபெய்த்ஃபுல்' ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பார்த்தவர்கள் சொல்வதைக் கவனித்தீர்களா? "தங்கமான புருஷன், தோட்டத்தோடு வீடு, பள்ளிக்கூடம் போகிற பையன். இவளுக்கு என்ன குறை? காரணமே இல்லாமல் ஒருத்தி தடம் மாறினால் அது திரைக்கதை ஓட்டை" என்கிறது ஒரு கட்சி. "வெறும் படுக்கையறைப் படம்" என்கிறது இன்னொன்று. "முடிவைச் சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள்" என்பது மூன்றாவது. நீங்கள் எந்தக் கட்சி?
பி.கு.: மனைவியோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முதல் கட்சிக்காரர்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன். இதே இயக்குநர் ஏட்ரியன் லைன் 1987-ல் 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' எடுத்தார். அதில் மைக்கேல் டக்ளஸ் ஒரு வக்கீல். அன்பான மனைவி, சின்னப் பெண் குழந்தை. மனைவி ஊரில் இல்லாத ஒரு சனி, ஞாயிறில் க்ளென் க்ளோஸ் நடித்த பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுகிறார். அவருக்கு என்ன குறை? படம் ஒரு காரணமும் சொல்லவில்லை. அதைத் திரைக்கதை ஓட்டை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'ஆம்பளை, சபலப்பட்டுட்டான்' என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. வெளியீட்டுக்கு முன்பு போட்டுக் காட்டியபோது பார்த்த கூட்டத்துக்கு உறுத்தியது வேறு. முதலில் எடுத்த முடிவில் க்ளென் க்ளோஸ் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வார். கத்தியில் டக்ளஸின் கைரேகை இருப்பதால் பழி அவர்மேல் விழும். கூட்டத்துக்கு அது போதவில்லை. மறுபடி செட்டுக்குப் போய், மனைவியே குளியலறையில் அவளைச் சுட்டுக் கொல்வதாக எடுத்துச் சேர்த்தார்கள். படம் உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் அள்ளியது.

15 வருடம் கழித்து, 2002-ல், அதே லைன் அதே சபலத்தை மனைவி பக்கம் வைத்தார். இப்போது ஓட்டை பளிச்சென்று தெரிகிறது!

தயாரித்த ஸ்டூடியோவுக்கும் உங்கள் முதல் கட்சியின் கவலைதான். கணவன், மனைவிக்குள் தாம்பத்தியம் செத்துப்போனதாகக் காட்டினால் அவள்மேல் பரிதாபம் வரும் என்று அவர்கள் மாற்றச் சொன்னார்கள். லைனும், கணவனாக நடித்த ரிச்சர்ட் கியரும் முடியாது என்றுவிட்டார்கள். குறையில்லாத வீட்டில் இது நடந்தால்தான் நாடகம், இல்லாவிட்டால் பஞ்சாயத்து என்பது லைனின் கட்சி. நானும் அந்தக் கட்சி.

காரணத்தை உள்ளே திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இதைத் தழுவி 2004-ல் அனுராக் பாசு இந்தியில் எடுத்த 'மர்டர்'. கதை பாங்காக்கில். மல்லிகா ஷெராவத் இறந்துபோன அக்காவின் குழந்தைக்காக அக்கா புருஷனையே கட்டிக்கொண்டவர். கணவனோ எந்நேரமும் வேலை, வேலை. அதாவது அவள் தவறுவதற்கு முன்பே மன்னிப்புக் கடிதம் தயார். அதோடு விட்டார்களா? கணவன் கொன்றுவிட்டதாக நினைத்த காதலன் பிழைத்து வருகிறான். போதாக்குறைக்கு அவன் அயோக்கியன் வேறு. மனைவிக்கு ஒரு சாக்கு, கணவனுக்குக் கொலைப் பாவத்திலிருந்து விடுதலை. படம் சக்கைப்போடு போட்டது. ஆனால் வெளியே வரும்போது யாருடைய வயிற்றிலும் புளி கரைந்திருக்காது.

மூலக் கதைக்கும் ஒரு மூலம் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் ஷப்ரோல் 1969-ல் எடுத்த 'லா ஃபாம் அன்ஃபிதெல்'. அது கணவன் பக்கமிருந்து சொன்ன கதை. மனைவி மனதில் என்ன ஓடுகிறது என்று நாம் ஊகிக்க வேண்டியதுதான். லைன் செய்த பெரிய மாற்றம், முதல் பாதி முழுக்க நம்மை அவளோடு நடக்கவிட்டது. புயல்காற்று அடிக்கிற ஒரு நாள் மனைவி கானி (டயேன் லேன்) நியூயார்க் வருகிறாள். தெருவில் ஒருவன்மேல் மோதி விழுந்து முழங்கால் சிராய்க்கிறது. அவன் பழைய புத்தக வியாபாரி, வீடு பக்கத்திலேயே. மாடிக்குப் போகிறாள், காயத்தைத் துடைக்கிறாள். போகும்போது அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். உமர் கய்யாம் கவிதைகள். உள்ளே அவனுடைய முகவரி அட்டை. பிறகொரு நாள் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் காசு போட்டு எண்ணைச் சுழற்றுவது அவளேதான்.

ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போக வழி இருந்தது என்பதைக் கவனியுங்கள். "டாக்ஸி பிடித்துப் போயிருக்கலாமே" என்று அங்கலாய்ப்பவர்களுக்குப் படமே முன்கூட்டிப் பதில் வைத்திருக்கிறது. எல்லாம் கைமீறிய பிறகு கானி அந்தப் புயல்காற்று நாளை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். இந்த முறை டாக்ஸியில் ஏறி, அவனுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விடுவாள். நீங்கள் சொல்வது அவளுக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது கட்சிக்கு வருவோம். காதலனாக வரும் ஒலிவியே மார்ட்டினெஸ் பாதிப் படத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறார். அதற்குப் பிறகு வருவது பிணம், போலீஸ், குற்றவுணர்ச்சி. 'படுக்கையறைப் படம்' பார்க்க வந்தவர் இரண்டாம் பாதியில் காசைத் திரும்பக் கேட்கலாம்! அது போகட்டும். அவர்கள் முதல் உறவுக் காட்சியைச் சரியாகப் பார்த்தார்களா என்பதே என் சந்தேகம். அந்தக் காட்சி நேராக வருவதில்லை. முதலில் ரயில். கானி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள், ஜன்னலோரம். அவள் முகத்துக்கும் சற்றுமுன் நடந்ததற்கும் படம் மாறி மாறிப் போகிறது. அங்கே அவள் வயிறு பயத்தில் துடிக்கிறது, அண்மைக் காட்சியில். இங்கே உதட்டோரம் ஒரு சிரிப்பு, அது பாதியிலேயே நின்று ஒரு கூச்சம், கண்ணில் நீர், மறுபடி சிரிப்பு. வசனம் கிடையாது. உடம்பு காட்டியதைவிட முகம் காட்டியது அதிகம். டயேன் லேனுக்கு நியூயார்க் விமர்சகர் வட்டத்தின் சிறந்த நடிகை விருதும் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தன. (ஆஸ்கர் நிக்கோல் கிட்மனுக்குப் போனது. என்ன செய்வது!) ஒன்றுக்குள் ஒன்றாக அதை வெட்டி ஒட்டிய எடிட்டர் யார் தெரியுமா? ஆன் வி. கோட்ஸ். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்கு ஆஸ்கர் வாங்கியவர். இதைச் செய்யும்போது எழுபதைத் தாண்டிய பாட்டி.

இந்த மாதிரிக் காட்சிகள் பெரும்பாலும் கெட்டுப்போவதற்குக் காரணம் 'ஸ்டார்ட், கட்' அவசரம். பத்து நொடி எடுப்பது, விளக்கை நகர்த்துவது, மறுபடி பத்து நொடி. நடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்கப்பட்டு, புதிதாகச் சமாளிக்க வேண்டியிருக்கும். திரையில் தெரிவது அந்தச் சமாளிப்புதான். லைன் கேமராவில் இருக்கிற படச்சுருள் தீரும்வரை நிறுத்தமாட்டார். 35 எம்எம்மில் 1000 அடிச் சுருள் என்றால் சுமார் 11 நிமிடம். நாலைந்து டேக் சேர்ந்தாற்போல ஒரே ஓட்டம். கடைசியில் நடிகர்கள் உடம்பாலும் மனதாலும் களைத்து, பாசாங்கு செய்யத் தெம்பில்லாமல் போய்விடும். அவருக்கு வேண்டியது அந்த நிமிடம். போதாததற்கு செட்டில் புகை வேறு போடுவார்; வெளிச்சம் மங்கிப் பரவி, நிழலின் கடுமை குறையும். பார்க்க அழகு, மூச்சு விடுகிறவர்களுக்குத்தான் தொண்டை எரிச்சல்.

படத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. துப்பறிய வரும் இரண்டு போலீஸ்காரர்களும் வாசலில் அழைப்பு மணி அடிக்க மட்டுமே படைக்கப்பட்டவர்கள். கணவன் பிணத்தோடு லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் காட்சி வேறு ஏதோ திகில் படத்திலிருந்து தப்பி வந்தது போல இருக்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒரு இடம். கணவன் எட்வர்ட், தான் மனைவிக்குப் பரிசாகக் கொடுத்த குலுக்கினால் உள்ளே பனி கொட்டுகிற கண்ணாடி உருண்டை காதலன் வீட்டில் இருப்பதைப் பார்க்கிறான். அதையே எடுத்து அவன் தலையில் அடித்துவிடுகிறான். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கிறது. பதிவுக் கருவியில் கானியின் குரல். இனி வரமாட்டேன், இதோடு முடித்துக்கொள்வோம் என்கிறாள். கொஞ்சம் முன்னால் பேசியிருந்தால் கொலையே இல்லை. எட்வர்ட் அதை முழுக்கக் கேட்டுவிட்டு அழித்துவிடுகிறான். வெறும் படுக்கையறைப் படம் எடுப்பவருக்கு இந்தத் தொலைபேசி தோன்றாது.

மூன்றாவது கட்சிக்கு: முடிவு இருக்கிறது, வாசித்துத்தான் காட்டவில்லை. நள்ளிரவு, சிவப்பு சிக்னலில் கார். பின்சீட்டில் பையன் தூங்குகிறான். எங்காவது ஓடிப்போய்விடலாம் என்கிறாள் கானி. எட்வர்ட் உடைந்து அழுகிறான். சிக்னல் பச்சையாகிறது; கார் நகரவில்லை. கேமரா மெல்ல விலகும்போதுதான் அவர்கள் நிற்பது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என்று தெரிகிறது. எட்வர்ட் இறங்கி உள்ளே போவதாகவும் ஒரு முடிவை எடுத்திருந்தார்கள். டிவிடியில் அது இருக்கிறது. இரண்டையும் பார்த்தால், காரிலேயே நிறுத்தியது ஏன் சரி என்று புரியும்.

பி.கு.வுக்குப் பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் வாங்கிய படம், அதனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. முடிந்ததும் "அந்த நேரத்தில் நீயாக இருந்திருந்தால்?" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். 1987-ன் படத்தை அவரும் பார்த்திருக்கக்கூடும்.